அழுக்குத் தண்ணீர் தேவை

கப்பல் ஓடும்போது அதன் புரொப்பல்லருக்குப் பின்னால் தண்ணீர் எப்படிச் சுழன்று குழம்புகிறது என்று அளப்பது என் வேலை. கடலே தெரியாத மலைக்கிராமம் பேத்துப்பாறையில் பிறந்தவளுக்கு இப்படியொரு பிழைப்பு. அதுவும் ஒப்பந்த வேலை. வருடா வருடம் நீட்டிப்புக்குக் கையேந்த வேண்டும்.

அந்த வருடம் சென்னையில் எங்கள் சோதனைத் தொட்டி ஒழுகத் தொடங்கியது. ஒழுகலை அடைக்கும் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் காபி குடித்துவிட்டு நகர்ந்தது. பொறுமையிழந்த மேலதிகாரி, "உங்க ஊர்ல தொட்டி ஏதாவது இருக்கா?" என்றார். எங்கள் பூண்டுத் தோட்டத்தில் இருந்தது. அளவு கிடைத்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் மூட்டைகட்டு என்பதையும் சொல்லாமல் சொன்னார்.

கருவிகளோடு ஜீப்பில் போய் இறங்கினோம். ஊரே கப்பல் பார்க்கக் கூடியிருந்தது. கையகலப் புரொப்பல்லரைத் தொட்டிக்குள் இறக்கியதும், "மிச்சக் கப்பலு எப்ப வரும்?" என்று பக்கத்துத் தோட்டத்து அத்தை கேட்டார்.

அப்பா பூரித்து நின்றார். "ஆபீசரு வர்றீங்கன்னு எல்லாச் சோலியையும் விட்டுட்டு, தொட்டியப் பூராவும் எறைச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, ஊத்துத் தண்ணி விட்டிருக்கேங்க. தரை தெரியுது பாருங்க."

தரை தெரிந்தது. வம்பே அதுதான். எங்கள் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். மிதக்கும் தூசியில் பட்டு அது திரும்பினால்தான் வேகம் தெரியும். திரையில் வெறும் கிறுக்கல்தான் வந்தது. மேலதிகாரி என்னை முறைத்தார். தூவ வேண்டிய துகள்பொடியைச் சென்னையிலேயே மறந்துவிட்டு வந்தவர் அவர்தான். ஆனால் அவருக்கு நீட்டிப்பு தேவையில்லையே.

"தண்ணி அழுக்கா இருக்கணும்ப்பா."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன ஆத்தா!" என்று சீறினார் அப்பா. சீறிய வேகத்திலேயே, சந்தைக்குப் பிடுங்கி வைத்திருந்த கேரட் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மண்ணோடு அலசினார். பற்கள் தந்தியடிக்க மேலேறினார்.

எங்கள் மேலதிகாரி கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பவர் என்று ஆபீசில் பேசிக்கொள்வோம். அன்று நிஜமாகவே பிடித்தார். திரையில் சுழல்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின.

"எக்ஸலெண்ட்! உங்க பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் எழுதிடறேன்," என்றார் அப்பாவிடம்.

துண்டைப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து நின்று கேட்டார்: "இன்னொரு மூட்டை கழுவுனா நெரந்தரமாக்கிருவீங்களா சார்?"