அண்ணை நின்ற இடத்துக் காற்று

குளிர்காலத்தில் காற்று அசையாமல் வெயில் எறித்தால், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "லவ்லி மோர்னிங்" என்பார். அப்படியான காலைகளில்தான் வாகனப் புகை கலையாமல் தெருவிலேயே தேங்கி நிற்கும். என் தொழிலே அதுதான் என்பதால் எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் "லவ்லி" என்று சொல்லிவிட்டு லண்டன் ஹரோ ஸ்டேஷனுக்கு நடப்பேன்.

காற்றினூடே லேசர் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, காற்றில் கலந்த வாயுக்களை அளக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய உத்தியோகமாகத் தெரியும். இதற்கு என்னைப் படிப்பித்தவர் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, தென் லண்டனில் 'மிச்சம்' என்ற பகுதியில் பெருந்தெருவோரப் பெற்றோல் ஷெட்டில் சனி ஞாயிறும் ஓயாமல் நின்றார். ஆராய்ச்சி மாணவனாக என் முதல் கருவியைச் சோதிக்க நான் இடம் தேடி அலைந்தபோது, "இஞ்சை கொண்டுவந்து வை தம்பி, பிளக் இருக்கு" என்றார். அவருடைய கவுன்டர் ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு கிழமைக்குள் வாகனப் புகையின் நச்சு வாயுவான நைட்ரஜன் டையாக்சைட்டின் கோடு வரைபடத்தின் உச்சிக்கே ஏறியது. பேராசிரியர் கைகுலுக்கினார். நான் துள்ளிக் குதித்தேன். அந்தக் காற்றைத்தான் அண்ணை தினமும் பன்னிரண்டு மணித்தியாலம் சுவாசிக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டம் முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்த பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது.

போன மாதம் நெஞ்சு கிளினிக்கில் நேர்ஸ் அண்ணையிடம், சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றார் அண்ணை. அந்தப் பெண் நம்பவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு "ஷொப்" என்றார். கடைக்குள் வேலை என்று நேர்ஸ் எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்த நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், எப்போதிருந்து தெரியும் என்று அண்ணை கேட்பாரே.

இப்போது அவருக்கு மூக்கில் ஒட்சிசன் குழாய். விமானம் ஏறக்கூடாதாம்.

"ஊர்க் காத்துப் பட்டா எனக்குச் சுகம் வந்திடும். அங்கத்தைக் காத்தை ஆரும் அளந்தவையோ?"

"எனக்குத் தெரிய இல்லை அண்ணை."

"அப்ப நல்லதெண்டே வைச்சுக்கொள்ளுவம்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரமானது. அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "அண்ணை, அந்தக் கோடு..." என்று தொடங்கவும், சுகம் விசாரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அண்ணை குழாயை இழுத்துக்கொண்டு எழுந்தார். வரவேற்பறைச் சுவரில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில், அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "தம்பி டொக்டர் பட்டம் எடுத்தது இதாலைதான்" என்று வந்தவர்களிடம் சொன்னார். கோட்டின் உச்சியில் விரலை வைத்தார்.

"லண்டன் முழுக்கத் தேடியும் இவ்வளவு உயரம் வேறை ஒரு இடத்திலையும் வரேல்லை. இது நான் நிண்ட இடம்."