முப்பத்தாறு அங்குல டிரம்மும் தையலக்காவின் காலும்

அந்த வீட்டில் முன்னறையைப் பெருக்குவது கதவுக்காரரின் வேலை. அதை அவர் பெரிய வேலையாக நினைப்பதில்லை, ஏனென்றால் பெருக்குவதற்கு அங்கே தரை அதிகம் கிடையாது. கால்வாசி அறையை டிரம் பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை, செருப்பு வைக்கும் பலகை. அந்தச் சனிக்கிழமைக் காலையிலும் அவர் குனிந்து பெருக்கிக்கொண்டே வந்து, வழக்கம்போலத் துடைப்பத்தின் பின்பக்கத்தால் டிரம்மின் முகத்தில் ஒரு இடி இடித்தார். டிரம் 'ம்ம்ம்' என்றது, வாயைத் திறக்காமல் ஒத்துக்கொள்ளும் ஆள் மாதிரி.

"அங்க என்னத்த இடிச்சீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நான் எங்க இடிச்சேன்? அதுதான் வந்து என்னை இடிக்குது."

"வந்து இடிக்க அதுக்கென்ன கால் இருக்கா?"

மற்ற நாளாயிருந்தால், "அதான் உன் காலைக் கடன் வாங்கி ஆடுதே" என்று பதில் சொல்லியிருப்பார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். புதன்கிழமையிலிருந்து அந்த வீட்டில் கால் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. இந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பஸ் டிப்போவின் ஐம்பதாவது ஆண்டு விழா. டிப்போ குழுவில் டிரம் வாசிப்பவள் அவர் மனைவி. ஆனால் இந்த டிரம் அவளோடு மேடையில் ஒலிக்கப் போகிறதா, சும்மா அழகுக்கு நிற்கப் போகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

டிப்போவில் அவளைத் தையலக்கா என்பார்கள். இருபத்தைந்து வருடமாகப் பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிறாள். அந்த ஊரில் ஓடுகிற எந்தப் பஸ்ஸில் யார் உட்கார்ந்தாலும் அவள் போட்ட தையல்மேல்தான் உட்கார வேண்டும். தையலறையில் மின்சார மிஷின் ஒன்று வந்து மூலையில் நிற்கிறது. அது அவசரக்குடுக்கை, தடித்த ரெக்சினுக்குக் கால் மிஷின்தான் சரி என்பது அவள் கட்சி. யாரும் அவளோடு வாதாடப் போவதில்லை, அவள் தைத்த மூலைகள் பத்து வருடமானாலும் பிரிவதில்லை என்பதால்.

டிரம் அவளிடம் வந்தது அவளுடைய முப்பத்தாறாவது வயதில். குழுவில் அப்போது டிரம் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். கிதார் வாசிக்கும் டைம்கீப்பர் டிப்போ முழுக்க ஆள் தேடி அலுத்துப்போய்த் தையலறை வாசலில் நின்றார். உள்ளே மிஷின் ஓடும் சத்தம். கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டவர், "அக்கா, உங்க காலைக் கொஞ்சம் இரவல் தரீங்களா?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆறு மாதம் சாதாரண டிரம் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். ஆனால் திருப்தியில்லை. "எலி ஓடற மாதிரி இருக்குங்க" என்றாள் கணவரிடம். "நம்ம ஷெட்டோட பெரிய இரும்புக் கேட்டை மூடும்போது ஒரு சத்தம் வருமே, காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு வரும். எனக்கு அது வேணும்."

கதவுக்காரர் ஊருக்கெல்லாம் கதவு, ஜன்னல் செய்கிறவர். வளைந்த ஒன்றை அதுவரை செய்ததில்லை. மெல்லிய பலகைகளை ஈரத்தில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு வளைத்து, இரண்டு மாதம் மல்லுக்கட்டி, குறுக்கே முப்பத்தாறு அங்குலம் வரும் ஒரு வளையத்தைச் செய்து முடித்தார். முதலில் அதற்குச் சீட் ரெக்சினையே இழுத்துக் கட்டினார்கள். தலையணையை அடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு தடித்த பிளாஸ்டிக் தாள். அன்று அடித்த முதல் அடியில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நகர்ந்ததை இருவரும் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா வந்து, "கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவ்வளவு பெரிய டிரம்மின் தலையில் மற்ற டிரம்களை உட்காரவைக்க முடியாது. அதனால் பழைய பஸ்ஸில் கழற்றிய கைப்பிடிக் கம்பியை வளைத்து மேலே ஒரு பந்தல் மாதிரி போட்டார் கதவுக்காரர். சின்ன டிரம்களும் தட்டுகளும் கூட்ட நேரத்துப் பயணிகள் போல அதில் தொங்கின. அவள் உட்காரப் பழைய டிரைவர் சீட், ஸ்பிரிங்கோடு. மிதிக்க, உடைந்த தையல் மிஷினின் மிதிகட்டை. அதிலிருந்து ஒரு நீண்ட கம்பி, கம்பியின் முனையில் ஃபெல்ட் சுற்றிய கட்டை. டிரம்மின் நடுவை எட்ட வேண்டுமே, அதனால் கம்பி சாதாரணமானதைவிட இரண்டு மடங்கு நீளம். மேடையில் பார்த்தால் டிரம்முக்கு மேலே அவள் கண்ணும் நெற்றியும் மட்டும்தான் தெரியும். பாடுகிற கண்டக்டர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மைக்கில் சொல்வார்: "பயப்படாதீங்க, வண்டிக்கு டிரைவர் இருக்காங்க. உத்துப் பாருங்க, தெரிவாங்க."

பதின்மூன்று வருடம் அப்படி ஓடியது. அந்த டிரம்மை வாசித்துப் பார்க்கிறேன் என்று வெளியாட்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் அடித்தும் பாட்டு உருப்படவில்லை, மண்சாலையில் பஸ் போகிற மாதிரி இழுபட்டது. "உங்க கையிலதான் அக்கா இது பேசுது" என்று எழுந்து போனார்கள். "கால்ல" என்று திருத்துவாள் அவள்.

அந்தக் காலுக்குத்தான் புதன்கிழமை குற்றப்பத்திரிகை வந்தது.

விழாவுக்கென்று வெளியிலிருந்து ஒரு சவுண்ட்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நரைத்த மீசை, கழுத்தில் ஹெட்போன், மடியில் கம்ப்யூட்டர். நல்ல மனிதர். வந்ததும் டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஆசையாகத் தடவிக்கொடுத்தார். பிறகு டிரம்மின் முகத்தில் பொட்டு மாதிரி ஒரு பொத்தானை ஒட்டினார். "இவ்வளவு பெரிசு ஷெட்ல குழம்பிடும்மா. நீங்க அடிச்ச உடனே இந்தப் பொத்தான் என் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி சுத்தமான அடி ஒண்ணை ஸ்பீக்கர்ல விடும். உங்க அடிதான், குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர மாதிரி."

ஒத்திகை ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டிலேயே கண்டக்டர் வரியை விட்டார். மூன்றாவதில் பேஸ் கிதார் வாசிக்கும் மெக்கானிக் நின்றுவிட்டார். எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சவுண்ட்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு புள்ளி.

"கோடு தாளம். புள்ளி உங்க கால். முந்துதும்மா."

"எது?"

"எல்லாமே."

ஒன்றிரண்டு தவறினால் சண்டை போடலாம். எல்லாமே என்றால் என்ன சொல்வது? மெக்கானிக் தன் கிதாரின் கம்பியைத் துடைத்தார். டைம்கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வயசாகுதில்ல அக்கா, நம்ம எல்லாருக்கும்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. பிறகு அவரே, "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஒரு தடவை பாத்துக்கலாம். சரிவரலன்னா டிப்போ ஹால்ல இருக்கற சின்ன டிரம்ல வாசிங்க. இது பின்னாடி நிக்கட்டும், பாக்க அழகா இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்காரர் மிதிகட்டையைக் கழற்றி, எண்ணெய் போட்டு, ஆட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினார். "என் வேலைல கோளாறு இல்ல" என்றார்.

"அப்ப என் கால்ல கோளாறா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அவர் எண்ணெய் டப்பாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை அவளுக்கு ஒரே ஒரு டிரைவர் சீட்டுக்கு உறை தைப்பது பாக்கி. பெருக்கி முடித்த கையோடு கதவுக்காரர் டிரம்மை வேனில் ஏற்றப் போக, அவள் முன்னதாகவே டிப்போவுக்கு வந்து தையலறையில் உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தன் காலை வேறு யாருடைய காலையோ போல வேவு பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் எல்லாம் ஒரே அளவு. வளைவுகள் ஒழுங்கு. பிறகு எங்கே முந்துகிறது?

சீட்டின் மூலைக்கு வந்தாள். மூலையில் ஊசி நிற்க வேண்டும், நின்று திரும்ப வேண்டும். நின்றது. திருப்பினாள். அடுத்த மூலை. அதிலும் நின்றது, சொன்ன இடத்தில். அப்போதுதான் கவனித்தாள். மூலைக்கு இரண்டு தையல் இருக்கும்போதே அவள் கால் மிதிகட்டையை விட்டுவிட்டது. சக்கரம் தன் கனத்தில் இன்னும் இரண்டு தையல் ஓடி, மூலையில் வந்து நின்றது.

மூலையில் காலை எடுத்தால் ஊசி மூலையைத் தாண்டிவிடும். புதிதாகத் தைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தாண்டுவார்கள்.

அவளுக்குப் பெரிய டிரம் வந்த புதிதில் மூன்று மாதம் பாட்டெல்லாம் தொய்ந்து கிடந்ததும், டைம்கீப்பர் "வண்டி லேட்டு, வண்டி லேட்டு" என்று கத்தியதும், பிறகு ஒரு நாள் தானாகச் சரியானதும் ஞாபகம் வந்தது. தானாக எங்கே சரியானது? அந்த டிரம்மின் சத்தம் அடித்ததும் வருவதில்லை. உள்ளே போய், உருண்டு, நிரம்பி, அப்புறம்தான் வெளியே வரும். அந்த நேரத்தைக் கால் கணக்குப் போட்டு முன்னாலேயே மிதித்துவிடுகிறது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொல்லாமலே மறந்தும் போயிருந்தாள்.

"முந்தித்தான் மிதிக்கிறேன்" என்று காலி அறையில் வாய்விட்டுச் சொன்னாள். மீதி மூலைகளையும் தைத்து, நூலை அறுத்துவிட்டு எழுந்தாள்.

ஷெட்டில் டிரம் ஏற்கெனவே மேடையேறியிருந்தது. மேடையின் ஓரத்தில் இன்னொன்று, நீல ரெக்சின் உறை போட்டு, சின்னதாக. அது ஹாலில் இருக்கும் சின்ன டிரம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் நிற்கவில்லை. நேராகச் சவுண்ட்காரரிடம் போனாள்.

"அண்ணே, அந்தப் பொத்தானை எடுங்க."

"எடுத்தா எப்படிம்மா கேக்கும்?"

"மைக்கை ஜனங்க நிக்கற எடத்துல வைங்க. அவங்க அடியைப் பாக்க வரல, கேக்க வராங்க. அவங்க காதுக்கு எப்ப வந்து சேருதுன்னு உங்க கோட்டைப் போட்டுப் பாருங்க."

சவுண்ட்காரர் மீசையைத் தடவினார். பிறகு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் நடுவுக்குப் போனார். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். குழு வாசித்தது. பொத்தான் இல்லாமல் டிரம் தன் சொந்தக் குரலில் வந்தது. பாட்டு எங்கும் முட்டவில்லை. வரிசையாக நின்ற பஸ்களின் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக நடுங்கின. கண்டக்டர் ஒரு வரியையும் விடவில்லை.

முடிந்ததும் சவுண்ட்காரர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு கோட்டின் மேலும் சத்தம் வயிறு புடைத்து உட்கார்ந்திருந்தது.

"நீங்க முந்தலம்மா. என் பெட்டிதான் அவசரப்பட்டுது. நீங்க கதவைத் தட்டினதையே ஆள் வந்ததா நெனச்சு அதுவே கதவைத் திறந்துடுச்சு." ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"சீட்டு மூலை" என்றாள்.

டைம்கீப்பர் எதையோ சொல்ல வந்து, "அக்கா..." என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது என்று தெரிந்து, அவளே, "வண்டி லேட்டாகுது, ஆரம்பிங்க" என்றாள்.

நாலு மணிக்கு ஷெட் நிறைந்திருந்தது. டிரைவர்கள், கண்டக்டர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், பெஞ்சுகளில் ஏறி நின்ற பிள்ளைகள். முதல் அடியில் முன்வரிசையில் ஒரு பெரியவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார். கடைசிப் பாட்டில் கண்டக்டர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு டிரம்மை மட்டும் விட்டார். பதினாறு அடி. மற்ற எல்லாம் அடங்கியிருக்க, அது மட்டும் சுவரிலிருந்து சுவருக்கு நடந்துபோயிற்று. அவ்வளவு நேரமும் டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை என்று மெக்கானிக் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்முக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களில் அன்று எந்தக் கேள்வியும் இல்லை. தான் செய்ததைத் தானே கேட்டுக்கொண்டு, ஆமாம், இதேதான் என்று அமர்த்தலாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளிச்சம் போகுமுன்பே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். டிரம்மை அதன் மூலையில் நிறுத்தி, கம்பிப் பந்தலைச் சாய்த்துவைத்து, கதவுக்காரர் வியர்வையைத் துடைத்தார். அவர் முகத்தில் பெருமை கொப்பளித்தது. ஊரே டிரம்மைப் பற்றித்தான் பேசுகிறது, யார் செய்ததென்று மூன்று பேர் கேட்டார்கள், அந்தச் சவுண்ட்காரர் கைகுலுக்கினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே சாமான்களை வெளியே எடுத்தார். கடைசியாகப் பையிலிருந்து, மேடை ஓரத்தில் சின்ன டிரம்மை மூடியிருந்த நீல ரெக்சின் உறை வந்தது.

அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பழைய கட்டில் மெத்தைக்கு என்று அவளே தைத்தது. அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினால்தான் எடுக்க முடியும்.

"ஹால்லேருந்து சின்ன டிரம்மை எடுத்துட்டு வந்தது டைம்கீப்பர்னு நெனச்சேன்" என்றாள்.

அவர் காலிப் பையை உதறினார்.

"எப்ப எடுத்துட்டு வந்தீங்க? வெள்ளிக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமை."

அவள் உறையை டிரம்மின்மேல் விரித்து, தையல் ஓரத்தை விரலால் நீவினாள். கோபமில்லை. ஆனால் கேட்காமல் விடுகிற ஆளுமில்லை.

"அப்ப நீங்களும் என் காலைத்தான் சந்தேகப்பட்டீங்க. இல்லியா?"

கதவுக்காரர் உறையை எடுத்து அவள் போட்ட தையல் கோட்டிலேயே ஒழுங்காக இரண்டாக மடித்தார். பிறகு நாலாக. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழியில் கிடந்த துடைப்பத்தையும் எடுத்து, டிரம்மில் எங்கும் இடிக்காமல் ஒதுங்கி, முன்னறையை விட்டு வெளியே போனார்.