புசான் துறைமுகத்துக் கோழி

எழுபதுகளின் நடுவில் அண்ணை கப்பலால் வந்து சில வாரமாகியும் பக்கத்து வளவுக்குப் போகவில்லை. அவரோடு ஒரே கப்பலில் வேலை செய்த அந்த வீட்டுப் பிள்ளை கொரியாவின் புசான் துறைமுகத்தில் இறந்துபோயிருந்தான். உடலும் வரவில்லை. குடித்துவிட்டுக் கடலில் விழுந்தான் என்று சந்தையில் கதைத்தார்கள். அண்ணையோடு சண்டை பிடித்தானாம் என்றும் சிலர் சொன்னார்கள். அவனுடைய தாயை நாங்கள் மாமி என்போம், தகப்பனை மாமா. மாமி வேலியருகே வந்து எங்கள் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்டதும் அண்ணை உள்ளே போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை அம்மாவிடம், "ஒரு கோழி வேணும். நான் சமைக்கப்போறன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மத்தியானம் மாமியை வரச்சொல்லு," என்றார்.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "செய்தி வந்த நாளிலையிருந்து அவ மச்சம் மாமிசம் தொடுறேல்லை. என்னடா செய்யப்போறாய்?"

அண்ணை கோழியை எலும்பில்லாமல் வெட்டினார். தன் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். உள்ளே களிபோல இறுகிச் சிவந்த கொரிய மிளகாய்ப் பசை. அதில் உள்ளிப்பூண்டும் இஞ்சியும் சீனியும் சேர்த்து இறைச்சியில் பிசறினார். கரவெட்டியிலிருந்து வந்த முட்டைக்கோவாவையும் வத்தாளங்கிழங்கையும் நான் அரிந்து கொடுத்தேன். கத்தி வியர்வையில் வழுக்கியது.

தாச்சியில் நல்லெண்ணெய் புகையும்போது மாமி குசினி வாசலில் வந்து நின்றார். அம்மா அவர் இருக்கப் பலகையைத் தள்ளிவைத்தார். இறைச்சி விழுந்ததும் காரம் எழும்பி எல்லோரும் இருமினோம். சீனி அடிப்பிடிக்கத் தொடங்கியது.

"கொள்ளியை இழு, பிள்ளை!" என்று அண்ணை கத்தினார்.

கோப்பையில் போட்டு மாமியின் முன்னால் வைத்தார்.

"இதைத்தான் மாமி அவன் கடைசியாச் சாப்பிட்டவன்."

தள்ளி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மாமி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

"இனிக்குது," என்றார். பிறகு உறைப்பு ஏறிக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "குடிச்சிருந்தவனோ?"

"இல்லை மாமி. ஒரு துளியும் இல்லை. உறைப்பிலை கண்ணாலையும் மூக்காலையும் தண்ணி ஓட, கடையிலையிருந்து சிரிச்சுக்கொண்டு எனக்கு முன்னாலை கப்பலுக்குப் போனவன். கப்பல் ஏணியிலை பனி உறைஞ்சு கிடந்தது. வழுக்கி, கரைக்கும் கப்பலுக்கும் நடுவிலை விழுந்திட்டான். கையை நீட்டினன். எட்டேல்லை."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"உங்கடை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடந்தது."

மாமி கோப்பையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்துக் கைகழுவினார்.

"எழும்பு. மாமா வெளியிலை தலைகாட்டி எத்தினை நாளாச்சு. அவருக்கும் உன்ரை வாயாலை சொல்லு."

அண்ணை இடுப்பில் கரி படிந்த சாரத்தோடு மாமியின் பின்னால் போனார். அம்மாவும் நானும் வேலியருகே நின்றோம். மாமா அடிக்கப்போகிறாரோ என்று அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு மாமா வாய்விட்டு அழுவது கேட்டது. அதோடு அண்ணையின் அழுகையும் சேர்ந்தது. அம்மா படலையைத் திறந்துகொண்டு ஓடினார்.

அதன்பிறகு சந்தையில் யாராவது குடியென்று வாய்திறந்தால், மாமியே மறித்து நின்று நடந்ததைச் சொல்லுவார்.