முகத்துவாரக்குப்பத்தில் சிவப்பு டார்ச் எரியவிடாதீர்கள்

"பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடசென்னைக்குள் போனால் நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது." தென்சென்னையில் நடந்த ஒரு வானியல் ஆர்வலர் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னார். நான் எழுந்து, எண்ணூர்க் கரையிலிருந்து நண்டு நெபுலாவே தெரியும் என்றேன். சிரித்தார்கள். "உங்க வயசுல கண்ணுக்கு எல்லாமே நெபுலாவாத்தான் சார் தெரியும்" என்றார் இன்னொருவர். சாட்சியோடு வருகிறேன் என்று சொல்லி, கொடுத்த டீயைத் தொடாமல் கிளம்பிவிட்டேன். இந்த ஜனவரியில், அமாவாசைக்கு மறுநாள் இந்தப் பயணம் போனது அதற்காகத்தான்.

நண்டு நெபுலா என்பது வெடித்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெடிப்பின் வெளிச்சம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு வந்தது. சீனர்கள் அதைப் பகலிலேயே பார்த்து எழுதிவைத்தார்கள். சிதறிய வாயு இன்றும் விநாடிக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. நான் இதைக் கல்லூரியில் படிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது, கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் படித்தேன். ஆறு அங்குலத் தொலைநோக்கியும் நானே கண்ணாடி தேய்த்துச் செய்ததுதான்.

மதியம் மூன்று மணிக்கு ராயபுரத்தில் ஆட்டோ ஏறினேன். போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஓட்டுநர் குமார் தொலைநோக்கிக் குழாயைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, பீரங்கியா? யார் மேல சண்டை?" என்றார். பெயர்களைச் சொன்னால் நீளும் என்றேன்.

முதலில் எட்டு கிலோமீட்டரில் சாத்தாங்காடு இரும்புச் சந்தை. கடற்கரைக் காற்றில் தொலைநோக்கி நிற்கும் முக்காலி ஆடும். அடியில் தொங்கவிட எடை வேண்டும். பத்து கிலோ இரும்புத் துண்டு ஒன்று வாங்கினேன். உலகத்து இரும்பில் பெரும்பகுதி நட்சத்திரங்கள் வெடித்தபோது உண்டானது என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"இது பழைய லாரி அச்சு நைனா. நான்தான் அறுத்தேன்" என்றார் அவர்.

அங்கிருந்து பத்து கிலோமீட்டர் வடக்கே, எண்ணூரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் முகத்துவாரக்குப்பம். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. ஒரு மணி நேரம் ஆனது. மேற்கே அனல்மின் நிலைய விளக்குகள். ஆனால் கிழக்கே வெறும் கடல். என் வாதமே இதுதான்: நகரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும்.

இருட்டியதும் ரிஷபத்தின் கொம்பு நுனி நட்சத்திரத்தைப் பிடித்தேன். நெபுலா அதன் பக்கத்தில்தான்; கண் பழகக் காத்திருந்தேன். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் விண்மீன் வரைபடம் பார்க்க, நாங்கள் சிவப்பு விளக்குதான் வைத்துக்கொள்வோம். டார்ச்சை முக்காலியில் கட்டி, எரியவிட்டிருந்தேன்.

"யோவ் பெருசு! அந்த செவப்ப அணை!" என்று தூரத்திலிருந்து ஒரு பெண் கத்தினார். யாரும் எனக்கு உத்தரவு போட வேண்டியதில்லை என்று அணைக்கவில்லை. அரை மணி கழித்து நாலைந்து பேரோடு நேரில் வந்துவிட்டார். பெயர் செல்வி.

"என் வூட்டுக்காரரு படகு வெளியவே நின்னுகினு கீது. மொகத்துவாரத்துல மண்ணு மூடிச்சின்னா கரைல செவப்பு காட்டுவோம், உள்ள வராதன்னு. நீ பாட்டுக்கு காட்டிகினு குந்தியிருக்க!"

"போன் பண்ணலாமே?"

"இஞ்சின் சத்தத்துல உன் போனு கேக்குமா?"

அணைத்தேன். எல்லோரும் கைப்பேசியின் வெள்ளை வெளிச்சத்தைக் கடலை நோக்கி ஆட்டினார்கள். பாதி என் முகத்தில் விழுந்தது. படகு உள்ளே வந்தது. வெளிச்சங்கள் அணைந்ததும் தொலைநோக்கியில் கண் வைத்தேன். பச்சைப் புள்ளிகள்தான் மிதந்தன.

செல்வியின் கணவர் தேசிங்கு ஈரத்தோடு நேராக என்னிடம் வந்தார். "எவன்யா செவப்பு காட்னது?"

"நான்தான். வானம் பார்க்க அது வேண்டும்."

"அப்டி இன்னாத்த பாக்குற? தள்ளு."

என்ன தெரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒற்றைக் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நட்சத்திரம் கீது. நடுவுல இன்னாவோ கலீஜா, பீடி பொகை ஊதுன மாறி. கண்ணாடிய தொடைக்க மாட்டியா?"

குழாயை லேசாகத் தட்டினேன். "இப்போது?"

"நட்சத்திரத்தோட சேந்து அதுவும் ஆடுது."

கண்ணாடி அழுக்காக இருந்தால் நட்சத்திரம் மட்டும் ஆடி, அது அங்கேயே நின்றிருக்கும். வடிவத்தைக் கேட்டேன். ஈர மணலில் விரலால் சாய்வாக ஒரு முட்டை வரைந்தார். படங்களில் பார்த்த அதே நீள்வடிவம்.

நான் மறுபடி குனிந்தேன். எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் அனல்மின் நிலையப் புகைமூட்டம் கிழக்கே நகர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. தேசிங்கு அரை மணி நேரம் இருட்டுக் கடலில் என் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் கண் பழகியிருந்தது; கைப்பேசி வெளிச்சங்கள் அவருக்குத் தூரத்துப் புள்ளிகள்தான். கரையில் நின்ற யார் கண்ணும் அப்படி இல்லை.

கூட்டத்துக்குச் சாட்சியாக வருவீர்களா என்று கேட்டேன். "அந்த டார்ச்ச எங்கிட்ட குடு, வரேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டி, மாலை ஏழரைக்குள் இடம் பிடியுங்கள். எடைக்கு இரும்பு கொண்டுபோங்கள். வரைபடத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள். படகெல்லாம் வந்துவிட்டதா என்று குப்பத்தில் முதலில் கேளுங்கள்.

நண்டு நெபுலா எண்ணூர்க் கரையிலிருந்து தெரியும் என்றுதான் அன்று கூட்டத்தில் சொன்னேன். யார் கண்ணுக்கு என்று அவர்களும் கேட்கவில்லை.