உள்ளே போகும் கேட்டும் அண்ணனின் குவாசரும்

இந்த நினைவு மலரைப் பிரித்ததும் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில், எதையோ சொல்லப்போகிறவர் போல அண்ணன் நிற்கிறார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். குவாசரைப் பற்றித்தான். உங்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லை அறிமுகம் செய்ததே அவர்தானே. அண்ணன் நம்மைவிட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில் அவருடைய வாழ்க்கையை எழுது என்றார் அம்மா. எழுத உட்கார்ந்தால் வானம்தான் முதலில் வருகிறது. பொறுத்தருள்க.

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் பிறந்தவர் அண்ணன். கால்பந்தாட்டத்தில் கோல்கீப்பர். பெரம்பூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த அப்பா காய்ச்சலில் இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். நான் நடை பழகிக்கொண்டிருந்தேன். பந்தை வைத்துவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டுநரானார், கன்டெய்னர் டிரெய்லருக்கு மாறினார், எங்களைத் திருவொற்றியூருக்கு அழைத்து வந்தார். என் பள்ளிச் சீருடைக்கு அவரே இஸ்திரி போடுவார். அந்த மடிப்பில் காகிதம் வெட்டலாம். யாரையும் கடிந்து பேசியதில்லை, ஹாரனால் தவிர.

துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளின் வரிசை எங்கள் தெரு முனையைத் தாண்டி நிற்கும். நகராது. சில நாள் அண்ணனின் வண்டி வீட்டுக்கு எதிரிலேயே நின்றுவிடும். சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கொண்டுபோவேன். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது குளிக்கவோ சாப்பிடவோ இறங்கினால், பின்னால் நிற்பவர் அவருடைய வண்டியையும் சேர்த்து நகர்த்திக் கொடுப்பார். யார் இடமும் பறிபோகாது. பெரும்பாலும் அண்ணனுக்குப் பின்னால் நிற்பவர் அவர் தோஸ்து ஏழுமலை அண்ணன்.

கல்லூரியில் நான் இயற்பியல் சேர்ந்த புதிது. படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கம் வராது. வண்டியின் முன் கண்ணாடியில் மதிய வெயில் வழியும். எங்கோ கப்பல் ஊதும். சீல் வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்கே தெரியாது. அப்படி ஒரு மதியத்தில்தான் கருந்துளையைச் சொன்னேன். எதையும் விழுங்கும், வெளிச்சம்கூடத் தப்பாது என்று. குவாசரையும் சொன்னேன். எண்ண முடியாத தொலைவில் இருந்துகொண்டு ஒரு விண்மீன் கூட்டத்தையே மிஞ்சி ஒளிர்வது என்று. அண்ணன் தயிர்சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"உள்ள போற கேட்டு கீதுன்னா வெளிய வர்ற கேட்டும் இருந்தாவணும் பாப்பா. இன் கேட்ட மட்டும் வச்சி எவனாவது ஹார்பர் கட்டுவானா? இந்தாண்ட கருந்துளைல போறது அந்தாண்ட குவாசரா வெளிய வருது. அதான் அம்மாம் வெளிச்சம்."

"இல்லணா. உள்ள போனது வராது. வெளிச்சம் கேட்டுக்கு வெளியதான். உள்ள போவறதுக்கு நெருக்கிகினு சுத்துது பாரு, அந்தக் கூட்டம் சூடாயி எரியுது. நம்ம லைன் மாதிரி."

"அப்ப நான்தான் குவாசரா?"

"ஆமா. ஹாரன் அடிக்கிற குவாசர்."

இந்த வாதத்தில் மூழ்கி ஒருநாள் முன்னால் வரிசை நகர்ந்ததையே இருவரும் பார்க்கவில்லை. இடைவெளியில் வேறொரு டிரெய்லர் நுழைந்துவிட்டது. பின்னாலிருந்து எழுந்த ஹாரன்களில் காது அடைத்தது. ஏன் நகரவில்லை என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் குவாசரைக் காரணம் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சாலையில் அண்ணனுக்குக் குவாசர் என்றே பெயர்.

எங்கள் கல்லூரிக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் உரையாற்ற வந்தார். அவுட் கேட் விஷயத்தை அவரிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்பினார் அண்ணன், என் கருத்தை அதில் கலக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படியே கேட்டேன். பேராசிரியர் சிரித்தார், கேலியாக அல்ல. இப்படி நினைத்தவர்கள் முன்பே இருந்தார்கள், சமன்பாடு இடம் கொடுக்கிறது, ஆனால் வானத்தில் இதுவரை அப்படி ஒன்றைக் காணவில்லை என்றார். ஜெயித்துவிட்ட மிதப்பில் ஓடிவந்து சொன்னேன்.

"காணலன்னுதானே சொன்னாரு, இல்லன்னு சொல்லலியே" என்றார் அண்ணன். பிறகு சாலையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "அப்பாவ ஆஸ்பத்திரி உள்ள தள்ளிகினு போனாங்கோ. நான் வாசல்ல நின்னேன். கதவு மூடுனத மட்டும்தான் பாத்தேன். அவரு வெளிய வர்ற வழிய ஒருத்தரும் காட்டல பாப்பா."

இந்த விளையாட்டுப் பேச்சில் அவருக்கு என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சென்ற ஆண்டு, துறைமுக கேட்டுக்குச் சற்று முன்னால், வரிசையிலேயே அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஏழுமலை அண்ணன் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். தன் வண்டியைத் தெரிந்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணனின் வண்டியில் ஏறிக்கொண்டார். மருத்துவமனையில் அண்ணன் வலியைப் பற்றிப் பேசவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரத்தில் ஏழுமலை அண்ணன் வந்தார், சட்டையெல்லாம் வியர்வை.

"மாமு, உன் வண்டி இன் கேட்ல போயி பெட்டிய எறக்கிட்டு அவுட் கேட்ல வந்துட்ச்சி. இந்தா சாவி."

அண்ணன் சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"இன்னா பாப்பா, வந்துச்சா?"

"வந்துச்சிணா."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. மறுநாள் விடியுமுன் அண்ணன் போய்விட்டார். சாவியை அவர் கையிலிருந்து அம்மாதான் எடுத்தார்.

அன்று அண்ணனின் இடத்தைக் காத்த ஏழுமலை அண்ணனுக்கும், பின்னால் நின்றவரை நம்பி வண்டியை விட்டுவிட்டு இறுதி ஊர்வலத்துக்கு நடந்தே வந்த ஓட்டுநர்களுக்கும், இரவெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்திருந்த செவிலியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவினருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இப்போதும் மாலையில் பேருந்தில் திரும்பும்போது வரிசை நிற்கிறது. சாலை வளைவு வரை பின்விளக்குகள் சிவப்பாக எரிகின்றன. நான் இன்னும் என் கட்சிதான்: அந்த வெளிச்சம் உள்ளே போனவரிடமிருந்து வரவில்லை, வெளியே நிற்பவர்களிடமிருந்துதான் வருகிறது. ஆனால் யாராவது ஓர் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாமா குவாசர் தங்கச்சி, அவுட் கேட்ட கண்டுபுட்ச்சியா?" என்று கேட்கிறார்.

"தேடிகினுதாண்ணா கீறேன்" என்கிறேன். பொய் இல்லை.