சூப்பிரண்டு தேர்ந்தெடுத்த கத்தி

கத்தி எவ்வளவு கூராக இருக்கிறது என்று பார்க்க எங்கள் சூப்பிரண்டு தன் இடது முன்னங்கையைத்தான் பயன்படுத்துவார். மேசைமேல் ஒரு ஃபைலை விரித்து, அதன்மேல் கையை நீட்டி வைத்து, கத்தியை லேசாகச் சாய்த்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓர் இழுப்பு இழுப்பார். மயிர் பொலபொலவென்று ஃபைல்மேல் உதிர்ந்தால் கத்தி தேறிவிட்டது என்று அர்த்தம். உதிராவிட்டால் அதைக் கொண்டுவந்தவனுக்கு வசவு விழும். பிறகு ஃபைலை ஊதிவிட்டு அதிலேயே கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு வருஷம் முழுக்க அவருடைய இடது கை மொட்டையாகவும் வலது கை கரடி மாதிரியும் இருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற தைரியம் ஆபீஸில் யாருக்கும் இல்லை. எனக்கு அறவே இல்லை. நான் டெம்பரவரி கிளார்க். என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதப்போகும் ஒரே ஒரு வரியில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் வாங்கியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரிக்காக அவர் என்ன சொன்னாலும் செய்கிற நிலையில் இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மதுரையில் அப்போது சாயங்காலமானால் சினிமாவுக்கோ கோயிலுக்கோ போவார்கள். எங்கள் சூப்பிரண்டுக்கு மட்டும் மலை. வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வந்து, முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காட்டில் நடக்கிற வெள்ளைக்காரர்களின் படங்களை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். ஆபீஸில் அவருக்குக் கீழே இருந்த ஆண்களில் கால் விளங்குகிறவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு குழு சேர்த்திருந்தார். சேர மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கும் தைரியம் இல்லை. தொடர்ந்து லீவு வந்தால் கம்பம் பஸ் ஏறி, மேற்கு மலை அடிவாரத்தில் இறங்கி, மேலே நடப்போம். அவர்கள் நடந்தார்கள். நான் அரிசியையும் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு நடந்தேன். "நம்ம தம்பி மேற்கத்தி ஆளு, கால் உரம்" என்று என் முதுகைத் தட்டுவார். மாட்டை அப்படித் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தமுறை திட்டம் பெரியது. மலையிலேயே பல நாள் தங்கி, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது. அதற்கு ஒரு கத்தி வேண்டும் என்றார். மலைக்கான கத்தியைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டால் பாதிக் குடும்பங்கள் உருப்பட்டுவிடும். மடக்குக் கத்தியை முதலிலேயே தள்ளிவிட்டார். மடங்குகிற இடம்தான் முதலில் உடையும், நடுக்காட்டில் உடைந்தால் கைப்பிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பார். அருவாள் கனம், நாள் முழுக்கச் சுமந்தால் இடுப்பு போய்விடும். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் துப்பாக்கி முனையில் மாட்டுகிற பழைய சனியன் ஒன்றைக் கொடுத்தார். குத்தத்தான் ஆகும், விறகு பிளக்காது என்று அதுவும் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்தது பார்க்கப் பளபளவென்று இருந்தது. மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண். அதன் இரும்பு பிடிக்குள் விரல் நீளம்தான் போகிறது, மீதி வெறும் கொம்பு என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அலகும் பிடியும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும், இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும், மேல்முதுகு கட்டையால் தட்டினால் தாங்கும் கனத்தில் இருக்க வேண்டும், நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, கத்தி விஷயத்தில் அந்த மனுஷனுக்கு மூளை இருந்தது.

கடைசியில் செல்லூரில் ஒரு பட்டறையைப் பிடித்தோம். உடைந்த லாரி வில்பட்டையில் ஒரு துண்டை நான்தான் தேடி வாங்கிக் கொடுத்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேச வேண்டிய சந்து அது. சூப்பிரண்டு வாரம் ஒருமுறை போய் நின்று, முனை தாழ வேண்டும், முதுகு நேராக வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவார். பட்டறைக்காரர் ஒருநாள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார். "சார், கழுத்தறுக்கவா, வெறகொடைக்கவா? அத மொதல்ல சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒரே கத்தி எவனும் செய்ய மாட்டான்" என்றார். சூப்பிரண்டு கோபப்படவில்லை. கத்தியைப் பற்றி யார் எது பேசினாலும் அவருக்குக் கோபம் வராது. மனிதர்களைப் பற்றிப் பேசினால்தான் வரும்.

கத்தி வந்தது. அதை வெள்ளோட்டம் பார்க்க எங்கள் ஊர்ப் பக்கம் சமணமலை அடிவாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனார். வேலிக்கருவையை வெட்டச் சொன்னார், வெட்டினேன். காய்ந்த கட்டையில் அலகை வைத்து முதுகில் தட்டிப் பிளக்கச் சொன்னார், பிளந்தேன். பிறகு வாங்கித் தன் கையைச் சிரைத்துப் பார்த்தார். மயிர் உதிர்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எருமைத் தோல் உறையில் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பயணத்தன்று காலையில் அதை என் பையில் வைக்கச் சொன்னார். "இடுப்புல கத்தியோட ஒரு ஆபீசர் பஸ்ல ஏறுனா நல்லாவா இருக்கும்? அடிவாரத்துல எறங்குனதும் குடு" என்றார். நியாயமாகத்தான் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் அன்று போலீஸ் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஊருக்குள் எங்கோ வெட்டுக்குத்து. அரிசிக்கும் சட்டிக்கும் நடுவிலிருந்து ஏட்டு கத்தியை உருவினார். உருவியதும் அவர் கேட்ட கேள்வி, இது என்ன, எதற்கு என்பதல்ல. "எந்த ஊருடா?" என்பதுதான். சொன்னேன். எங்கள் பக்கத்து ஊர்களின் பெயரை வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப்பரம்பரை என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்து, ஆம்பிளைகளை ராத்திரி ஸ்டேஷனில் படுக்க வைத்தார்கள். வெள்ளைக்காரனும் போய்விட்டான், பட்டியலும் போய்விட்டது. ஏட்டுகளின் மண்டைக்குள்ளிருந்து மட்டும் போகவில்லை. ஊர்ப்பெயர் வாயிலிருந்து முழுசாக வெளிவருவதற்குள் அறை விழுந்தது. "ஏட்டையா, அது எங்க சூப்பிரண்டு சாரோட கத்தி. மலைக்குப் போறோம். அந்தா நிக்கிறாருல்ல, கேளுங்க" என்றேன். நாலடி தள்ளி, கழுத்தில் பைனாகுலரும் காலில் கான்வாஸ் ஷூவுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். ஏட்டு குரலை அடியோடு மாற்றிக்கொண்டு கேட்டார். "சார், இது ஒங்களுதுங்களா?"

சூப்பிரண்டு முதலில் கத்தியைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லையே. இவன் எங்க ஆபீஸ்ல டெம்பரவரியா இருக்கான். பையில என்ன வச்சிருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். கூட வந்த மற்றவர்கள் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். "சார், சார்" என்று நான் கூப்பிட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவமானம் அடித்ததில் இல்லை, அந்தக் கூப்பாட்டில்தான் இருந்தது. அவர்கள் பஸ் ஏறினார்கள். மலைக்கும் போய்விட்டு வந்தார்கள். கத்தி இல்லாமல் ரொம்பச் சிரமப்பட்டுவிட்டதாக அவர் பின்னால் வருத்தப்பட்டாராம்.

சந்தேகக் கேஸ் போட்டார்கள். உள்ளே இருந்த நாள்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அடிக்கிறவனுக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும் என்பதைத் தவிர. வெளியே வந்தபோது வேலை இல்லை. டெம்பரவரி ஆளை வீட்டுக்கு அனுப்ப விசாரணை எதுவும் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான். கோர்ட்டில் எங்கள் வக்கீல் அவரைச் சாட்சிக்கு இழுத்துப் பார்த்தார். மே மாதத்து மதுரை வெயிலில் சூப்பிரண்டு முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டன் மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கத்தியைத் தான் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், இடது கை மொட்டையாக இருக்கும் என்று வக்கீலின் காதில் சொன்னேன். அதெல்லாம் கேட்க முடியாது என்றுவிட்டார். எப்படியோ கேஸ் நிற்கவில்லை. ஒரு கத்தியை வைத்திருந்ததைத் தவிர இவன் என்ன செய்தான் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். விடுதலை செய்தவர், கத்தி யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே கொடுத்துவிடவும் உத்தரவு போட்டார். சூப்பிரண்டு தன் வாயாலேயே தனதில்லை என்று சொல்லிவிட்டதால், ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த கத்தி சட்டப்படி எனக்கு வந்து சேர்ந்தது. வேலை வரவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் மச்சானோடு சேர்ந்து பரோட்டாக் கடை போட்டேன். பல்கலைக்கழகத்துப் பையன்கள் இருக்கும்வரை பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை. வெங்காயம் நறுக்க அந்தக் கத்தியைத்தான் வைத்துக்கொண்டேன். இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் சூப்பிரண்டு வந்தார். வேலையைப் பற்றியோ கேஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் கத்திய என்னப்பா செஞ்ச?" என்றார். "எந்தக் கத்தி சார்?" என்றேன். அவர் வசமாக மாட்டிக்கொண்டார். என் கத்தி என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் கோர்ட்டில் சொன்னது பொய் என்று ஆகும். அவர் படுகிற பாட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு ருசி கண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் நானே பரோட்டாக் கல்லை விட்டு வந்து, அவர் கண்ணெதிரே வெங்காயத்தைக் குவித்து வைத்து நறுக்குவேன். "வெங்காயத்துக்கு அது ஆகாதுப்பா, கருத்துப்போகும்" என்பார். "எது சார்?" என்பேன். கடை வாசல் சிமெண்டுப் படியில் கறகறவென்று தீட்டுவேன். ஒவ்வொரு தீட்டுக்கும் அவர் பல்லைக் கடிப்பது தெரியும். புதுக் கத்தியே வாங்கித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். நான் கறிக்கு எலும்பு தட்ட அதையே எடுத்தேன். வருஷக்கணக்கில் இப்படிப் போயிற்று. இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு வரவில்லை.

கடைசியாக அவர் வந்தபோது எண்பதுகள் முடியப்போகிற சமயம். ஓய்வு பெற்று, ஆள் பாதியாகியிருந்தார். மத்தியான நேரம், கடை நிறையப் பையன்கள். நான் வழக்கம்போல "எந்தக் கத்தி சார்?" என்று ஆரம்பித்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "என் கத்திப்பா. நான் சொல்லிச் செஞ்ச கத்தி. அன்னைக்கு ஏட்டு கேட்டப்ப இல்லைன்னுட்டேன். என்னுதுதான்." இந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். சொன்னால் கொடுத்துவிடுவது என்றும் எனக்குள் ஒரு முடிவு இருந்தது. கழுவித் துடைத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தேன். கைக்குக் கை கத்தி கொடுத்தால் பகை வரும் என்பார்கள். எங்களுக்குள் புதிதாக வருவதற்குப் பகை பாக்கி இல்லை, பழக்கதோஷத்தில் வைத்தேன்.

அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அலகு தீட்டித் தீட்டி இரண்டு விரல் அகலம்கூட இல்லாமல் தேய்ந்திருந்தது. முனை எலும்பில் பட்டு மழுங்கியிருந்தது. "இவ்வளவுதான் மிச்சமா?" என்றார். கண் நிறைந்துவிட்டது. "வெங்காயம் காந்துது போல, தள்ளி உக்காருங்க சார்" என்று ஒரு பையன் நாற்காலியை நகர்த்திப் போட்டான். கோர்ட்டில் சத்தியம் செய்தபோது அந்தக் கண்களை நான் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். அன்று சொட்டு ஈரம் இல்லை. மனுஷனிடம் கண்ணீர் இல்லாமல் இல்லை, எதற்கு விடுவது என்பதில்தான் ரொம்பத் தேர்வு. துடைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு தடவையாவது இத மலைக்குக் கொண்டுபோனியாப்பா?"

"எங்க சார் கொண்டு போறது? இது பையில இருந்தா என்னைய பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களே" என்றேன்.

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவர் கத்தியை எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதுரை பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார். பஸ் வர நேரமாயிற்று. நான் மேசையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய் மீதி வெங்காயத்தை நறுக்கினேன். அடுத்த வருஷம் அவர் இறந்துபோன செய்தி வந்தது, நான் போகவில்லை.

கத்தி இன்னும் கடையில்தான் இருக்கிறது. என் மருமகள் அதில் பூண்டு நறுக்குகிறாள். மலைக்கு நடக்கப் போகிற பையன்கள் இப்போது கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முதுகில் ஆளுயர மூட்டை, இடுப்பில் உறை போட்ட கத்தி. அதோடேயே பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதோடேயே அடுத்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். யாரும் நிறுத்துவதில்லை. இலையில் பரோட்டாவைப் போடும்போது நான் மட்டும் கேட்பேன், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று. பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.