பதினொன்றில் தொடங்கிய படம்

1. ஒரே மட்டத்தில் நாலு பேர்

"என்னய்யா இது, நாலு பேரும் ஒரே உசரத்துல நிக்காக. இதப் பாத்து நான் என்னத்த முடிவெடுக்க?"

இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலையில், ஃபேக்டரி மேனேஜர் என் முதல் பார் சார்ட்டை மேஜைக்குக் குறுக்கே தள்ளிவிட்டுக் கேட்டது இது. அவரை எல்லாரும் எஃப்.எம். என்போம். தொண்ணூறுகளின் நடுவில் நூலின் தரம் பார்க்கும் எங்கள் க்யூ.சி. லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஸ்ப்ரெட்ஷீட்டில் சார்ட் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதனால் அவர் தள்ளிவிட்டது எனக்குச் சுருக்கென்று பட்டது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரிங் ஃப்ரேம் என்பது பஞ்சைக் கடைசியாக நூலாக முறுக்குகிற மெஷின். ஒரு ஃப்ரேமில் ஸ்பிண்டில் என்கிற நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஓடும். நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஓடி ஓடிப் பிணைக்க வேண்டும். பிணைக்கிறவர்களுக்கு சைடர் என்று பெயர். நூறு ஸ்பிண்டிலுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நூல் அறுகிறது என்று நின்று எண்ணி எழுதுவது என் வேலை. அந்த எண்ணுக்கு பிரேக்கேஜ் என்று பெயர், குறைவாக இருந்தால் நல்லது.

அந்த வாரம் எண்ணியது சாதாரண வாரத்துக் கணக்கில்லை. டெம்பரரியாக இருந்த நாலு பெண் சைடர்களில் மூன்று பேரை, பிரேக்கேஜைப் பார்த்து, பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். அப்படி ஒரு லிஸ்ட் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது டெம்பரரி ஆட்கள்தான். மில் பள்ளிக்கூடத்தில் பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம்.

2. குறிப்பு என்றொரு கட்டம்

கம்ப்யூட்டருக்கு முன்னால் இதே விவரத்தை ஃபுல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு எழுதிக் கொடுப்போம். பெயர், ஃப்ரேம் நம்பர், பிரேக்கேஜ், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். 'புதுப் பஞ்சு', 'பெல்ட் தளர்வு' என்று அதில் ஏதாவது இருக்கும். எஃப்.எம். விரலை வைத்துப் படிப்பார். இரண்டு பேருக்கு நடுவே வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால், "ஒண்ணுக்குள்ளதான, சமம்னு போடு" என்பார். சமம் என்றால் யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவருக்கு முன்னுரிமை. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மில் முழுக்க அதுதான் வழக்கம்.

அந்த வாரத்து எண்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். 11.3, 11.5, 11.6, 12.2. கடைசி எண் பேச்சியம்மாளுடையது. மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாலு பேரில் அவர்தான் சீனியர், ஆறு வருஷ டெம்பரரி. அவருடைய ஃப்ரேம் மேற்கு வாசலை ஒட்டி இருந்தது. ஆடி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே அடிக்கும். உலர்ந்த காற்று பட்டால் எந்தச் சூரப்புலி நின்றாலும் நூல் அறும். என் கைநோட்டில் 'வாசல் பக்கம், காற்று' என்று நானே எழுதியிருக்கிறேன்.

சார்ட்டில் குறிப்பு எழுத இடமில்லை. இடமில்லை என்பதுகூடப் பொய். எழுதினால் படம் அசிங்கமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

எஃப்.எம். தள்ளிவிட்ட தாளை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். ஸ்கேலைத் திறந்து, பார் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் மினிமம் என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு 11 என்று அடித்தேன். நாலு பாரும் குதித்துப் பிரிந்தன. பேச்சியம்மாளின் பார் மற்றவர்களுடையதைப் பார்க்க இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு, நாலு மடங்கு என்று ஓங்கி நின்றது. பக்கத்தில் வரிசையாக இருந்த எண்கள் கண்ணை உறுத்தின. அவற்றையும் எடுத்துவிட்டேன். அச்சடித்துப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

எஃப்.எம். பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்தார். "இது படம்! குருடனுக்கும் வெளங்கும்லா." அரை நிமிஷத்தில் மூன்று பெயருக்கு டிக் அடித்தார். சேர்ந்த தேதியை அவர் கேட்கவே இல்லை.

3. பேச்சியம்மாள் கேட்ட கேள்வி

படம் நன்றாக இருக்கிறது என்று டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிட்டார்கள். மறுநாள் மதியம் அந்த வழியாகப் போனேன். பேச்சியம்மாள் தலையில் பஞ்சு ஒட்டியபடி போர்டு முன்னால் நின்றிருந்தார்.

"சார், எம்பேருக்கு மேல இம்புட்டு உசரமா நிக்குதே, அது எம்புட்டு?"

"பன்னெண்டு புள்ளி ரெண்டு."

"மத்தவியளுக்கு?"

சொன்னேன்.

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினொண்ணரைக்கும் பன்னெண்டுக்குமா சார் இந்த உசரம்? ஒண்ணுக்குள்ளதான இருக்கு?"

ஆறாம் வகுப்பு தாண்டாதவர். எஃப்.எம்முக்கும் எனக்கும் படாதது அவருக்கு ஒரு நொடியில் பட்டுவிட்டது.

"எம்மவள அடுத்த வருசம் நம்ம பள்ளிக்கூடத்துல ஆறாவதுல சேக்கலாம்னு இருந்தேன் சார். அந்தக் கதவுக்கிட்ட நீங்க ஒரு நா வந்து நின்னுதான எண்ணுனீங்க? காத்து எப்படி அடிச்சிச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"பாக்கேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

4. சும்மாதான் சார்

அன்று சாயங்காலமே சார்ட்டைத் திருத்தினேன். மினிமம் பூஜ்யம், ஒவ்வொரு பாரின் தலையிலும் அதன் எண், கீழே ஒரு வரியில் வாசல், காற்று. எண்ணி இரண்டு நிமிஷ வேலை. மறுநாள் காலையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எஃப்.எம். அறைக்குப் போனேன்.

உள்ளே டைரக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பழைய சார்ட்தான் அவர் கையில் இருந்தது. "இவர்தான் போட்டது. இனிமே எல்லா டிபார்ட்மென்டுக்கும் இப்படித்தான் வரணும்னு சொல்லிட்டேன்" என்றார் எஃப்.எம். டைரக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "என்னய்யா, எதும் சொல்லணுமா?" என்று எஃப்.எம்மே கேட்டார். லிஸ்ட் இன்னும் அவர் மேஜை மேல்தான் இருந்தது, கையெழுத்துப் போடாமல்.

"இல்ல சார், சும்மாதான்" என்றேன்.

இரண்டு மாதத்தில் ஆர்டர் குறைந்தது. டெம்பரரி ஆட்களை நிறுத்தினார்கள், பேச்சியம்மாளும் போனார். எனக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. மேற்கு வாசலுக்கு உள்ளே இன்னொரு கதவு வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன், வைத்தார்கள். அந்த ஃப்ரேமில் பிரேக்கேஜ் 11.4க்கு இறங்கியது. அதற்கும் ஒரு சார்ட் போட்டேன்.

5. மலையடிவாரத்தில்

சில வருஷம் கழித்து, புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றில் பெருமாளைப் பார்க்க வரிசையில் நின்றேன். படியில் இறங்கி வந்துகொண்டிருந்த பேச்சியம்மாள்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தார். "சார், சவுக்கியமா?"

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போவதாகச் சொன்னார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எட்டோட நின்னுட்டா சார். எங்கூடத்தான் தறிக்கு வாரா."

மனசு கேட்கவில்லை. அந்தப் படம் தப்பு என்றேன். திருத்திய தாளோடு போய் வாயைத் திறக்காமல் திரும்பியதையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லுவீயன்னு நெனச்சேன் சார். ரெண்டு நா சாயந்தரம் பஸ்ஸ விட்டுட்டு மில்லு கேட்டுக்கிட்ட நின்னேன். நீங்க வந்து கூப்பிடுவீயன்னு."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். "வாரேன் சார்" என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

சார்ட் போடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதுண்டு: பார் என்றால் பூஜ்யத்தில் தொடங்கு, எண்ணை எழுது, குறிப்பை விடாதே. அதையெல்லாம் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தப்பான படம் கையை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால், அது மேஜை மேல் இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள், யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயம்கூட இல்லை. பாராட்டு ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.